ஒருமனதாக

ஜூன் 2, திங்கள்

எஸ்தர் டீச்சர் கொடுத்த டைரி இது. போன வருஷத்து டைரி, கிழமை பொருந்தாது. நானே அடித்துத் திருத்திக்கொள்கிறேன். "தலைவின்னா எல்லாத்தையும் எழுதி வைக்கணும் வடிவு. நாளைக்கு ஒருத்தர் வந்து கேட்டா சொல்லணும்ல" என்றார் டீச்சர்.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு என்னைத் தலைவியாக்கி ஒரு வருஷம் ஆகிறது. பிள்ளையை அங்கே படிக்க வைக்கும் அம்மாவாக இருக்க வேண்டும், நாலெழுத்து படித்திருக்க வேண்டும், கையெழுத்து நன்றாக இருக்க வேண்டும். மூன்றும் உள்ளவளாக ஊரில் நான் ஒருத்திதான் அகப்பட்டேன். சண்முகவடிவு, தலைவி என்று ரப்பர் முத்திரை கூட உண்டு. தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுகிறவளுக்கு முத்திரை! முதல் மாசம் வீட்டில் பழைய பேப்பரில் எல்லாம் குத்திப் பார்த்தேன்.

இன்று பள்ளி திறந்தது. கனி மூன்றாம் வகுப்பு. மொத்தம் பத்தொன்பது பிள்ளைகள். எங்கள் மேலத்தெருவில் பன்னிரண்டு, காலனியில் ஏழு. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி கணக்கு எடுப்பார்களாம். பதினைந்துக்குக் கீழே போனால் நம் பள்ளியை மூடி, புதூர் பள்ளியோடு சேர்த்துவிடுவார்களாம். புதூர் நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம். டீச்சர் அதற்கு மேல் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.

கனியின் அப்பா அந்தச் சாலையில்தான் போனார். சைக்கிளை உருட்டிக்கொண்டு கடந்தவர். இரண்டு வருஷமாக நான் அந்தப் பக்கம் காலெடுத்து வைத்ததில்லை. என் பிள்ளையும் வைக்க மாட்டாள். அதற்கு நான் பொறுப்பு.

ஜூன் 9, திங்கள்

காலை உணவு சமைத்துக்கொண்டிருந்த சொர்ணம் மகள் வீட்டோடு சிவகாசிக்குப் போய்விட்டாள். இன்றிலிருந்து முத்துக்கிளி சமைக்கிறாள். காலனிக்காரி. மகளிர் குழுவில் அவள் முறை வந்தது. அவள் மகள் அபிநயா கனியின் வகுப்பு. எங்கள் பள்ளிக் குழுவிலும் முத்துக்கிளி உறுப்பினர்தான், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள்.

ரவா உப்புமா. வாசம் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்து நிற்கிற இடம் வரைக்கும் வந்தது. மேலத்தெருப் பிள்ளைகள் நிறையப் பேர் இன்று வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தார்களாம். ஏதாவது விசேஷமாக இருக்கும்.

கனிக்கு இனி டப்பா கட்டி விடலாம் என்று இருக்கிறேன். அவளுக்கு வயிறு கொஞ்சம் லேசு. சொர்ணம் சமைத்தபோது ஒன்றும் செய்யவில்லை, உண்மைதான். பிள்ளை வளர வளர வயிறு மாறும்.

ஜூன் 10, செவ்வாய்

இட்லி நான்கு, தக்காளிச் சட்னி. டப்பா காலியாக வந்தது. வீட்டில் ஒன்றரை இட்லிக்கு மேல் இறங்காதவள். நல்ல பிள்ளை.

ஜூன் 13, வெள்ளி

மாதக் கூட்டம். கூட்டம் என்று பெயர்தான். மூன்று மணிக்கு யார் வருவார்கள்? முக்கால்வாசிப் பேர் தீப்பெட்டி ஆபீசில். அதனால் தீர்மானப் புத்தகத்தைக் காலையில் வேன் நிற்கிற இடத்துக்கே கொண்டுபோய்விடுவேன். பக்கத்தின் கீழ்ப்பாதியில் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். மேல்பாதி காலி. சாயங்காலம் டீச்சரும் நானும் பேசி முடிவு செய்து, மேலே நான் எழுதுவேன். யாரும் என்ன ஏது என்று கேட்பதில்லை. போன வருஷம் குடிதண்ணீர்க் குழாய், கழிப்பறைக் கதவு, மைதானத்து முள் வெட்டியது எல்லாம் இந்தப் புத்தகத்தால்தான் நடந்தது. அதனால் என்மேல் நம்பிக்கை.

ஒவ்வொரு தீர்மானமும் 'ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று முடிய வேண்டும். வீட்டில் மூன்று பேர் இருந்தால் மூன்று மனது. இங்கே இருபது பேருக்கு ஒரே மனது. எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரும். இன்று தண்ணீர்த் தொட்டிக்கு மூடி கேட்டு எழுதினேன்.

ஜூன் 18, புதன்

முருகேஸ்வரி தன் பிள்ளைகள் இருவருக்கும் டி.சி. வாங்கிவிட்டாள். டவுன் இங்கிலீஷ் பள்ளி வேன் வாசலுக்கே வருகிறதாம். எங்கள் ஆபீஸ் வேனுக்குள் வைத்தே அவளோடு சண்டை பிடித்தேன்.

"இப்ப என்ன திடீர்னு இங்கிலீஷ்?"

"ஏன்னு ஒனக்குத் தெரியாதாக்கும்?" என்றாள்.

தெரியாது என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பதினேழு.

ஜூன் 24, செவ்வாய்

லிங்கத்துரை அத்தான் வீட்டுக்கு வந்தார். கனி அப்பாவின் அண்ணன். அவர் பிள்ளைகள் இரண்டும் நம் பள்ளியில்தான். உட்காரக்கூட இல்லை.

"ஏ வடிவு, நீதான தலைவி? ஆள மாத்தச் சொல்லு."

"எந்த ஆள அத்தான்?"

"சமையலுக்குத்தான். ஒனக்கு நான் வெளக்கிச் சொல்லணுமா?"

"அவ நல்லாத்தான சமைக்கா."

"நல்லால்லன்னு நான் சொன்னனா? இந்த மாசம் அடுத்த மாசம் பாப்போம். இல்லன்னா என் ரெண்டு, கணேசன் பிள்ளைய மூணு, அஞ்சு பேரும் வேன்ல ஏறிருவாவ."

"பள்ளிக்கொடத்த மூடிருவாவ அத்தான். கனிய நான் அந்த ரோட்டத் தாண்டி எப்படி விடுவேன்?"

"அதுக்குத்தான சொல்லுதேன், ஆள மாத்துன்னு." வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஒன் பிள்ளைக்கு மட்டும் நீ டப்பா கெட்டி வுடுத. நாங்க சொன்னா குத்தமா?"

வயிறு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம்.

பதினேழில் ஐந்து போனால் பன்னிரண்டு.

ஜூலை 1, செவ்வாய்

வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஊர் ஊராகப் பிள்ளை தேடினேன். காற்றாலைக்குக் காவல் இருக்கிற குடும்பத்தில் ஒரு பிள்ளை, அதற்கு மூன்று வயசுதான். செங்கல் சூளையில் இரண்டு பேர். அவர்கள் ஆகஸ்ட் வருமுன் ஊருக்குப் போகிறார்கள். கோழிப்பண்ணையில் கேட்டேன். பண்ணைக்காரர், "கோழி வேணும்னா தாரேன்" என்று சிரித்தார். நடுரோட்டில் நின்று அழுதேன். நாலுவழிச் சாலை இல்லை, பண்ணைக்குப் போகிற மண்ரோடு.

ஜூலை 3, வியாழன்

எஸ்தர் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அதுக்காகல்லாம் ஆள மாத்த முடியாது வடிவு. சட்டப்படி குத்தம். வெளிய தெரிஞ்சா என் வேலையே போயிரும்" என்றார். பிறகு கொடிக்கம்பத்தைப் பார்த்தபடி சொன்னார்: "அவளே ஒடம்பு முடியலன்னு வெலகுனா அது வேற. குழுவும் ஒருமனதா ஏத்துக்கிட்டா, அது வேற."

அவர் யோசனையாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னார்.

ஜூலை 7, திங்கள்

முத்துக்கிளியிடம் நேரில் கேட்டுவிடலாம் என்று விடிந்ததும் பள்ளிக்குப் போனேன். அவளே விலகிக்கொண்டால் யாருக்கும் பாவமில்லை. முற்றம் பெருக்கி, தண்ணீர் தெளித்து, அடுப்பில் பொங்கல் கொதித்துக்கொண்டிருந்தது. முழு மிளகு கடிபட்டால் பிள்ளைகளுக்கு உறைக்கும் என்று தட்டிப் பொடித்துப் போடுகிறாள்.

"வாங்க வடிவம்மா. ஒரு வாய் சாப்புடுதியளா?"

"இப்பத்தான் சாப்புட்டேன்" என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

"எங்க அபி சொல்லுதா, நான் சமைக்க வந்த பொறவுதான் அவளுக்குப் பள்ளிக்கொடம் பிடிச்சிருக்காம். கழுத!" என்று சிரித்தாள். நான் கேட்க வந்ததைக் கேட்காமல் திரும்பிவிட்டேன்.

டப்பா காலி.

ஜூலை 11, வெள்ளி

மாதக் கூட்டம். வேன் நிற்கிற இடத்தில் பதினேழு கையெழுத்து. டீச்சர், நான் சேர்த்துப் பத்தொன்பது. பாக்கி முத்துக்கிளி மட்டும்தான், அந்நேரம் அவள் பள்ளியில் இருப்பாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றேன்.

வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று திரும்பிப் பின்னால் பார்த்தாள். யாருமில்லை. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கையைச் சேலையில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன தீர்மானம் வடிவம்மா?"

"எப்பவும் போலத்தான்க்கா. தண்ணித் தொட்டி."

"நம்ம பிள்ளையளுக்குத்தான" என்று எழுத்துக் கூட்டி முழுப் பெயரையும் எழுதினாள். மு. முத்துக்கிளி. 'ளி'யின் சுழியைக் கவனமாக வளைத்தாள்.

சாயங்காலம் மேலே எழுதினேன். 'குழு உறுப்பினர் திருமதி மு. முத்துக்கிளி அவர்கள் உடல்நலக் குறைவு காரணமாகக் காலை உணவுப் பணியிலிருந்து விலக விருப்பம் தெரிவித்ததை ஏற்று, வேறு நபரை நியமிக்க ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' அடித்தல் திருத்தல் இல்லை. டீச்சர் படித்தார்.

"அவ கையெழுத்துதான?"

"அவ கையெழுத்துதான் டீச்சர்."

டீச்சர் போட்டோ எடுத்து மேலே அனுப்பிவிட்டார். இன்று சிரிப்பு வரவில்லை.

ஜூலை 12, சனி

போர்வை, தலையணை உறை எல்லாம் துவைத்தேன். கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். அந்த ரோடு மட்டும் அங்கே இல்லாவிட்டால் நான் இதைச் செய்திருக்க மாட்டேன். இதை எழுதி வைக்கிறேன்.

ஜூலை 16, புதன்

பாக்கியத்தாய் சமைக்க வந்துவிட்டாள். எங்கள் தெரு, லிங்கத்துரை அத்தானின் கொழுந்தியாள். மேலத்தெருப் பிள்ளைகள் எல்லோரும் இன்று பள்ளியில் சாப்பிட்டார்கள். அத்தான் பார்த்த இடத்தில் நின்று, "கெட்டிக்காரிதான்ட்டி நீ" என்றார். பதினேழும் பதினேழாக இருக்கிறது. சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள்.

கனிக்கு டப்பா கட்டுவதை உடனே நிறுத்தினால் ஊர் சிரிக்கும். இந்த மாசம் போகட்டும்.

ஜூலை 17, வியாழன்

டப்பா அப்படியே வந்தது. நான்கு இட்லியும் கிடக்கிறது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

ஜூலை 18, வெள்ளி

இன்றும்.

ஜூலை 21, திங்கள்

இன்றும் டப்பா நிறைந்து வந்ததும் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். ஓர் அடி வைத்தேன். அப்புறம் சொன்னாள்.

"ஒன் இட்லிய நான் சாப்புடவே இல்லம்மா. அபிக்கு ஒன் இட்லி பிடிக்கும். எனக்கு அவ அம்மா உப்புமா பிடிக்கும். டெய்லி மாத்திக்கிடுவோம்."

"இப்ப ஏன் அவளுக்குக் குடுக்கல?"

"அவ எங்கூடப் பேச மாட்டேங்கா. ஒங்க அம்மாதான் எங்க அம்மாவ விரட்டுனான்னு சொல்லுதா. நீயாம்மா?"

ஒரு மாசத்துக்கு மேலாக என் பிள்ளை அந்தச் சாப்பாட்டைத்தான் சாப்பிட்டிருக்கிறாள். அவள் வயிற்றுக்கு ஒரு குறையும் வரவில்லை. நான் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜூலை 25, வெள்ளி

மத்தியானமே வேன் திரும்பிவிட்டதால் பள்ளிக்குப் போனேன். முத்துக்கிளி அங்கே இருந்தாள். தீர்மானப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். உறுப்பினர் கேட்டால் காட்டத்தான் வேண்டும். டீச்சர் மேசையில் வைத்துவிட்டு, வகுப்புக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

விரலை வைத்து எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள். 'உடல்நலக் குறைவு' என்கிற இடத்தில் நின்றாள். திரும்ப ஒரு தரம் படித்தாள்.

"எனக்கு என்ன சீக்கு வடிவம்மா?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"சும்மா சொல்லுங்க. எனக்கே தெரியாம எனக்கு என்ன சீக்கு வந்துச்சு?"

கத்தியிருக்கலாம், என் முடியைப் பிடித்திருக்கலாம். அவள் தன் பெயர்மேல் விரலை வைத்துக்கொண்டு, "கையெழுத்து என்னதுதான்" என்று மட்டும் சொன்னாள். புத்தகத்தை மூடி, எனக்கு நேராக நகர்த்திவைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 28, திங்கள்

காலனிப் பிள்ளைகள் ஏழு பேருக்கும் டி.சி. ஒரே நாளில். புதூரில் சேர்த்துவிட்டார்கள்.

பத்து.

காலனிக்கு ஓடினேன். இருபது எட்டு வைத்தால் போதும், ஆனால் இத்தனை வருஷத்தில் நான் உள்ளே போனது இன்றுதான். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன். முத்துக்கிளி காலில் விழப் போனேன். அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"நாலே நாளுதான். ஒண்ணாந் தேதி வரைக்கும் இருங்க. கணக்கு முடிஞ்சதும் நான் அந்தத் தீர்மானத்த மாத்திருதேன். பள்ளிக்கொடத்த மூடிருவாவ."

"எங்க பிள்ளைய சாப்புட்ட தட்டத் தனியா கழுவி வைக்கச் சொல்லுதாளாம் ஒங்க பாக்கியம். எண்ணுகதுக்கு மட்டும் எங்க பிள்ளைய வேணுமா?"

"புதூருக்கு அந்த ரோட்டத் தாண்டணும்ல..."

"தாண்டணும். நான் தாண்டி விடுவேன்."

ஜூலை 30, புதன்

தீர்மானப் புத்தகத்தில் புதுப் பக்கம் எடுத்தேன். இந்தத் தடவை முதலில் மேலே எழுதினேன். 'ஜூலை 11 தீர்மானம் பொய். முத்துக்கிளிக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அவரையே திரும்ப வேலைக்கு வைக்க வேண்டும்.' விடியற்காலையில் வேன் நிற்கிற இடத்துக்குக் கொண்டுபோனேன்.

நான் தலைவியானதிலிருந்து முதல் தடவையாக எல்லோரும் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்தார்கள். படித்துவிட்டு ஒருத்தரும் பேனாவை வாங்கவில்லை. கணேசன் பெண்டாட்டி, "ஒனக்கு என்ன கிறுக்கு பிடிச்சிட்டா?" என்றாள். லிங்கத்துரை அத்தான் என்னோடு பேசவே இல்லை. வேன் போய்விட்டது. நான் ஏறவில்லை.

டீச்சரிடம் போனேன். "நீங்களாவது போடுங்க டீச்சர்." டீச்சர் அழுதார். ஆனால் போடவில்லை. பத்துதான் இருக்கிறது என்று நேற்றே மேலே சொல்லியாகிவிட்டதாம்.

என் கையெழுத்து மட்டும் கீழே கிடக்கிறது. ஒரே ஒரு ஆளுடைய மனதும் ஒரு மனதுதானே என்று, கடைசியில் 'ஒரு மனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதினேன். நடுவில் இடம் விட்டு எழுதினேன். முத்திரை குத்தினேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இரண்டு பேர் வந்தார்கள். எண்ணினார்கள். எண்ண அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

லிங்கத்துரை அத்தான் பிள்ளைகள், கணேசன் பிள்ளைகள், மற்ற எல்லோரும் டவுன் வேனில் ஏறிவிட்டார்கள். உங்களுக்காகத்தானே அத்தான் ஆளை மாற்றினேன், இப்போது கனிக்கு என்ன வழி என்று கேட்டேன். "நான் என்ன செய்ய முடியும்? சர்க்கார் மூடிட்டான்" என்றார். டவுன் பள்ளி எனக்கு ஆகிற காரியமில்லை. மேலத்தெருவில் புதூருக்குப் போக வேண்டிய பிள்ளை என் பிள்ளை மட்டும்தான்.

டீச்சருக்கு வேறு ஊருக்கு மாற்றல். தீர்மானப் புத்தகத்தை ஒப்படைத்துவிட்டேன். முத்திரையைத் திருப்பிக் கேட்கவில்லை. பரணில் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நாலுவழிச் சாலைக்குக் கனியைக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று நாள் வீட்டில் வைத்திருந்து பார்த்தாயிற்று. இனி முடியாது.

லாரி போகும்போது தரை நடுங்குகிறது. கனியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன். "வலிக்கும்மா" என்றாள். அந்தப் பக்கம் பெட்டிக்கடை தெரிகிறது. அங்கேதான் சைக்கிளை நிறுத்தி வைத்திருந்தார்கள், முன்சக்கரம் மட்டும் வளைந்து. ஒரு கால் எடுத்து வைக்கப் பார்த்தேன். கால் வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

காலனிப் பிள்ளைகள் ஏழு பேரும் வந்தார்கள். முன்னால் முத்துக்கிளி வந்தார். தினமும் அவர்தான் தாண்டி விடுகிறாராம். பிள்ளைகளைச் சங்கிலியாகக் கை கோக்க வைத்து, கையைத் தூக்கிக் காட்டி, நடுவில் இருக்கிற அரளிச்செடி வரைக்கும் கொண்டுபோனார். அபிநயா திரும்பிப் பார்த்து, "கனீ!" என்று கூப்பிட்டாள். கனி என் கையை உதறப் பார்த்தாள்.

முத்துக்கிளி என்னைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். பிள்ளைகளை அரளிச்செடி ஓரத்தில் அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு, தனியாகத் திரும்பி வந்தார். கனிக்குக் கையை நீட்டினார். நான் விட்டேன். இரண்டு வருஷமாக யாரிடமும் விடாத கையை விட்டேன்.

"அக்கா..." என்றேன்.

"பேரச் சொல்லியே கூப்புடுங்க வடிவம்மா. நீங்க அக்கான்னா எனக்குப் பயமா இருக்கு."

கனியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நடுவில் போய்ச் சங்கிலியில் சேர்த்தார். ஒரு பஸ், இரண்டு லாரி போகிற வரைக்கும் நின்றார்கள். அப்புறம் நடந்தார்கள்.

நான் எண்ணினேன். எட்டுப் பிள்ளைகள். எட்டும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். நான் இந்தப் பக்கம் நின்றேன்.